கடல் தொட்டிக் கம்பவுண்டர்

எங்கள் நர்சிங் ஹோமில் கம்பவுண்டர் அண்ணாச்சி யாரையாவது கூப்பிட்டு உட்காரவைத்து டீ சொல்கிறார் என்றால், அந்த ஆளின் வீட்டில் ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம். இதை நானாகப் புரிந்துகொள்ள ஒரு வருஷம் ஆனது. ஆயா என்னிடம் இரண்டாம் மாதமே சொல்லியிருந்தாள்.

"எல்லா நாளும் அவிய ஒன்னைய சிஸ்டர்னுதான் கூப்பிடுவாக. என்னைக்காச்சும் தாயின்னு கூப்பிட்டாகன்னா ஊருக்கு எத்தன மணிக்குப் பஸ்ஸுன்னு பாத்துக்க."

நான் சிரித்தேன். ஆயா சிரிக்கவில்லை.

ராஜபாளையத்தில் குழந்தை டாக்டர் ஒருவர் நடத்திய பத்துக் கட்டில் நர்சிங் ஹோம் அது. தொண்ணூறுகள் தொடங்கிய சமயம். நர்ஸ் படிப்பு முடித்த கையோடு நான் அங்கே சேர்ந்தேன். தினமும் சேத்தூரிலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். அண்ணாச்சி ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வருவார். ஐம்பதை ஒட்டிய வயது. ஒல்லியான உடம்பு. வெள்ளைச் சட்டையின் கையை இரண்டு மடிப்பு மடித்து விட்டிருப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. மருந்துச் சீட்டை வாங்கும்போதே பிள்ளையின் கன்னத்தை ஒரு விரலால் தொடுவார், அழுகிற பிள்ளை நிறுத்திவிடும். மருந்து கொடுக்கும் ஜன்னலில் நிற்கிற தாய்மார்கள் டாக்டரைவிட அவரிடம்தான் அதிகம் பேசுவார்கள். ஏனென்றால் அவர் நல்லதை மட்டும் சொல்வார்.

கெட்ட செய்தி ஒன்று அவர் வாயைத் தாண்டி வெளியே வந்து நான் பார்த்ததில்லை. வந்த செய்தியை வாங்கி உள்ளே வைத்துக்கொள்வார். "பொறவு சொல்லிக்கிடலாம்" என்பார். அந்தப் பிறகு எப்போது வரும் என்று அவருக்கும் தெரியாது. டாக்டரின் டிரைவருடைய மகன் பத்தாம் வகுப்பில் தோற்றபோது, காலையிலேயே பேப்பரில் பார்த்துவிட்டவர் அவர்தான். அன்றைய பேப்பர் நர்சிங் ஹோமில் யார் கண்ணிலும் படவில்லை. டிரைவருக்கு டீ வந்தது, கூடவே வடை வந்தது. "ரிசல்ட்டு நாளைக்குத்தான் போலருக்கு" என்று சொன்னார். சாயங்காலம் பையன் வீட்டில் இல்லை. இரண்டு நாள் தேடி, சங்கரன்கோவிலில் ஒரு உறவுக்காரர் வீட்டில் கண்டுபிடித்தார்கள். டிரைவருக்குக் கோபம் வரவில்லை. "அண்ணாச்சிக்கு மனசு கேக்கல" என்றார். எல்லோரும் அவரைப் பற்றி அப்படித்தான் சொன்னார்கள்.

நோயாளிகள் காத்திருக்கும் ஹாலில் நான்கடி நீளத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. கடல் தண்ணீர் தொட்டி. டாக்டரின் நண்பர் ஒருவர் தூத்துக்குடியில் மீன்களைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். அவர் பார்த்து அமைத்துக் கொடுத்தது. அதற்குள் கடலிலிருந்து எடுத்த பாறைகள், பாறையில் ஒட்டிக்கொண்டு விரல் விரலாக ஆடும் ஒரு கடல்பூ, அந்தப் பூவுக்குள்ளேயே புகுந்து புகுந்து வெளிவரும் இரண்டு கோமாளி மீன்கள், பத்துப் பன்னிரண்டு நீலக் குஞ்சு மீன்கள். கோமாளி மீன் கறுப்பு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்டு, மஞ்சள் வாலோடு இருக்கும். ஊசிக்குப் பயந்த பிள்ளைகளை அதன் முன்னால் நிறுத்திவிடுவோம். தூத்துக்குடியிலிருந்து மீன் வண்டியில் கேன் கேனாகக் கடல் தண்ணீர் வரும். அதில் உப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்க அண்ணாச்சி ஒரு வழி வைத்திருந்தார். எங்கள் லேபில் சிறுநீரின் அடர்த்தி பார்க்க ஒரு கண்ணாடி மிதவை உண்டு. அதைக் கழுவி இதில் மிதக்கவிடுவார். ஆயிரத்து இருபத்தைந்தில் நின்றால் சரி.

"மூணு வருஷமாச்சு. ஒரு மீன் சாகல" என்று டாக்டர் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வார்.

ஒரு நாள் காலையில் நான் சீக்கிரம் வந்துவிட்டேன். அண்ணாச்சி தொட்டியின் மேல்மூடியைத் திறந்து, ஒரு கோமாளி மீனை வலையால் அள்ளி எடுத்துக்கொண்டிருந்தார். அது விறைத்திருந்தது. அதைப் பஞ்சில் சுற்றி, ஊசிமருந்து வந்த அட்டைப்பெட்டியில் வைத்தார். மருந்து மேஜைக்கு அடியிலிருந்து ஒரு வாளியை இழுத்தார். அதற்குள் உயிரோடு இன்னும் மூன்று கோமாளி மீன்கள் இருந்தன. ஒன்றைப் பிடித்துத் தொட்டிக்குள் விட்டார். அது கொஞ்ச நேரம் தயங்கிவிட்டு, பூவுக்குள் போய்விட்டது.

"எத்தன செத்திருக்கு அண்ணாச்சி?"

"அத எதுக்குக் கேக்கீக. பிள்ளைக பாத்துக்கிட்டு இருக்குதுல்லா."

"டாக்டருக்குத் தெரியுமா?"

"பொறவு சொல்லிக்கிடலாம்."

அந்த வாளி அதற்கப்புறம் எப்போதும் என் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. அதன் மேல் ஒரு பழைய பனியனை விரித்து வைத்திருப்பார்.

மீனோடு நின்றிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். ஒரு சனிக்கிழமை. நாலு வயதுப் பெண் பிள்ளை, ஒரு வாரமாகக் காய்ச்சல். அன்றைக்குத்தான் காய்ச்சல் விட்டிருந்தது. ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை மதியம் லேப்காரர் கொண்டுவந்து ஜன்னலில் கொடுத்துவிட்டுப் போனார். திங்கட்கிழமை காலையில் டாக்டர் அதைப் பார்த்த நிமிஷத்திலேயே மதுரைக்கு எழுதிக் கொடுத்தார். ரத்தத்தில் கோளாறு. நான் ரிப்போர்ட்டின் மேல் இருந்த தேதியைப் பார்த்தேன். பிறகு அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் மாத்திரைப் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு நாள் வச்சிருந்தீகளா?"

"அந்தப் பிள்ளையோட அம்மா ஒரு வாரத்துக்குப் பொறவு அன்னைக்குத்தான் சிரிச்சா சிஸ்டர். கையில ஒரு தட்டு இட்லிய வச்சிருந்தா. நான் எப்படிக் குடுக்க?"

அந்தத் தாய் மதுரைக்குக் கிளம்பும்போது ஜன்னலுக்கு வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குத் தேதி விஷயம் தெரியாது. "நீங்கதான் அண்ணே எங்களுக்குத் தெம்பு" என்றாள். அவர் கண் கலங்கிவிட்டது. அது நடிப்பு இல்லை என்று சத்தியம் செய்வேன்.

ஆடிப்பூரத் தேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போனபோது ஒருமுறை அவர் வீட்டில் சாப்பிட்டேன். அவர் தண்ணீர் பிடிக்கப் பின்பக்கம் போன நேரத்தில் அவர் மனைவி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எங்க அண்ணன் தவறுன சேதிய எனக்குப் பால்காரன்தான் சொன்னான். இவியளுக்கு மொத நாளே தெரியும். அன்னைக்குப் பூரா எனக்குப் பூ வாங்கிட்டு வாரதும், பூந்தி வாங்கிட்டு வாரதுமா இருந்தாக. நானும் தலை நெறையப் பூ வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்."

அவள் குரலில் புகார் இல்லை. பிறகு மெதுவாகச் சொன்னாள்: "இப்ப இவிய ஏதாச்சும் வாங்கிட்டு வந்தாலே யாருக்கு என்னாச்சுன்னுதான் மொதல்ல கேக்கேன்."

அடுத்த வருஷம் நர்சிங் ஹோமுக்கு மாடி கட்டினார்கள். மேலே புது ஹால். அதற்கு ஆறடி நீளத்தில் பெரிய தொட்டி ஒன்றை டாக்டர் செய்யச் சொன்னார். சின்னத் தொட்டியிலிருப்பதை அப்படியே பெரிய தொட்டிக்கு மாற்ற வேண்டும். தூத்துக்குடி நண்பர் அதற்கு இரண்டு பக்கத்துக்கு விளக்கமாக எழுதி அனுப்பியிருந்தார். டாக்டர் அதை எங்கள் இருவரையும் உட்காரவைத்துப் படித்துக் காட்டினார். புதுத் தொட்டியில் தண்ணீரை நிரப்பி, பழைய பாறையில் கொஞ்சத்தைப் போட்டு, ஒரு மாதம் காற்றுப் பம்பை ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அதன் பிறகுதான் மீன். பாறையைக் காற்றில் காயவிடக் கூடாது, தண்ணீரோடு தண்ணீராக மாற்ற வேண்டும். பூவைப் பாறையிலிருந்து பிய்க்கக் கூடாது, கிழிந்து செத்தால் தொட்டி முழுக்க விஷமாகும். மீனைப் புதுத் தண்ணீரில் சட்டென்று விடக் கூடாது, சொட்டுச் சொட்டாகப் பழக்க வேண்டும். கடைசி வரிக்கு அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார். பழைய மணலைப் புதுத் தொட்டியில் போடவே கூடாது. மேலே வெள்ளையாகத் தெரிந்தாலும் அடியில் கறுத்துப் போயிருக்கும். கலக்கினால் விஷவாயு கிளம்பி எல்லாம் செத்துவிடும்.

டாக்டர் ஒவ்வொரு வாரமும் கேட்டார். "தொட்டி எந்த மட்டுல இருக்குய்யா?"

"நல்லா ஓடுது சார்" என்பார் அண்ணாச்சி.

டாக்டருக்கு மூட்டுவலி, மாடி ஏறமாட்டார். ஒரு வியாழக்கிழமை அவர் குடும்பத்தோடு மதுரைக்குக் கல்யாணத்துக்குப் போனார். திங்கட்கிழமை திரும்பி வந்ததும் மாடி ஹாலைத் திறப்பதாக ஏற்பாடு. வெள்ளிக்கிழமை வெளிநோயாளிகள் இல்லை. அன்றைக்குத் தொட்டியை மாற்றிவிடலாம், நீங்களும் கூட இருங்கள் என்று அண்ணாச்சி என்னைக் கேட்டிருந்தார்.

எட்டு மணிக்கு நான் மாடிக்குப் போனேன். பெரிய தொட்டியில் தண்ணீர் இருந்தது. பாறை ஒன்றுகூட இல்லை. கண்ணாடியில் பாசி படிந்த சுவடே இல்லை.

"எப்ப நெறச்சீக?"

"முந்தாநாத்துதான் தண்ணி வந்துச்சு. மீன் வண்டிக்காரன் இன்னைக்கு நாளைக்குன்னு இழுத்துட்டான்."

"ஒரு மாசம் ஓடணும்னு எழுதியிருந்தாரே. டாக்டர்ட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"கல்யாணத்துக்குப் போற மனுசன். சந்தோசமா போறாரு. பொறவு சொல்லிக்கிடலாம். நாம கவனமா செஞ்சா ஒண்ணும் ஆகாது."

அப்போதே நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

அவர் வேலை சுத்தமாக இருந்தது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். ரப்பர் குழாயால் பழைய தண்ணீரை டிரம்மில் இறக்கினார். தொட்டிக்குள்ளேயே தட்டை முக்கி, பாறையை அதில் ஏற்றி, தண்ணீர் வடியாமல் டப்பாவுக்கு மாற்றினார். பூ இருந்த பாறையை இரண்டு கையாலும் பச்சைப்பிள்ளையைத் தூக்குவது மாதிரி தூக்கினார். பூ சுருங்கி ஒரு முஷ்டி அளவு ஆகிவிட்டது. மீன்களை இரண்டு வாளியில் பிரித்துவிட்டோம். பிறகு என் வேலை. சலைன் ஏற்றும் டிரிப் செட் இரண்டை எடுத்து, ஸ்டாண்டில் புதுத் தண்ணீர் பாட்டில்களைத் தொங்கவிட்டு, வாளிக்குள் சொட்டு விட்டேன். நிமிஷத்துக்கு அறுபது சொட்டு. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எண்ண வேண்டும். பாட்டில் தீரத் தீர நிரப்ப வேண்டும். மதியம் வரை ஆகும்.

பத்தரை இருக்கும், கீழே போன் அடித்தது. அவர் இறங்கிப் போனார். ஐந்து நிமிஷம் கழித்து வந்தார். படியில் அவர் செருப்புச் சத்தம் பாதியில் நின்று, பிறகு மறுபடியும் கேட்டது.

"யாரு அண்ணாச்சி?"

"டாக்டர் இருக்காகளான்னு கேட்டாக. ஊருக்குப் போயிருக்காகன்னு சொல்லிட்டேன்."

அவர் என் எதிரில் குத்தவைத்து உட்கார்ந்து வாளியைப் பார்த்தார். ஒரு நீலக் குஞ்சு தண்ணீருக்கு மேலே வந்து வாயைத் திறந்து மூடியது. அவர் என்னைப் பார்த்தார்.

"காலைல சாப்ட்டியா தாயி?"

"சாப்ட்டேன்."

"செத்த நேரம் ஓஞ்சு உக்காரு. டீ சொல்லுதேன்."

ஆயா டீ கொண்டுவந்தாள். கூட ஒரு பன்னும் இருந்தது. என்னிடம் தம்ளரைக் கொடுக்கும்போது அவள் என் முகத்தையே பார்த்தாள். நான் சொட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது. டீயைக் குடித்தேன். போனில் யார் என்று இன்னொரு தடவை கேட்டிருக்கலாம்.

ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் மறுபடியும் போன் அடித்தது. இந்தத் தடவை அவர் ஓடினார். திரும்பி வந்தவர் படியிலேயே நின்றுகொண்டு சொன்னார்.

"தாயி, நீ ஒரு எட்டு ஊருக்குப் போய்ட்டு வந்துரு. அப்பாவுக்கு லேசா நெஞ்சு கரிக்குதாம். ஒண்ணும் இல்ல. சும்மா பாத்துட்டு வா. மீன நான் விட்டுக்கிடுதேன்."

"எப்ப சொன்னாக?"

"இப்பத்தான்."

பஸ் கிடைத்து நான் சேத்தூரில் இறங்கும்போது இரண்டு மணி. எங்கள் தெருமுனையில் ஆட்கள் நின்றிருந்தார்கள். பந்தல்கால் ஊன்றிக்கொண்டிருந்தார்கள். அப்பா பன்னிரண்டரைக்கே போய்விட்டார்.

அப்பா தையற்காரர். மெயின் ரோட்டில் கடை. நடந்ததை அம்மா வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சொல்லி அழுதாள், நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். காலையில் நெஞ்சை அடைக்கிறது என்று அப்பா வேலையை நிறுத்தினார். பக்கத்து உரக்கடைக்காரர் தன் வேனை எடுத்துக்கொண்டு வந்து ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டார். அப்பா ஏறவில்லை. "மக வந்துக்கிட்டிருக்கா. நர்சம்மா பாத்துட்டுச் சொல்லட்டும், பொறவு போவோம்" என்றார். வேறு சட்டை மாற்றிக்கொண்டு கடை வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். ராஜபாளையத்திலிருந்து பஸ் வரும்போதெல்லாம் எட்டிப் பார்த்தார். நாலு பஸ் போனது.

"மக வருவான்னு நம்பிக்கையாத்தான் உக்காந்திருந்தாக. கவலையே இல்லாம உக்காந்திருந்தாக" என்று அம்மா ஒவ்வொரு தடவையும் முடிப்பாள். அவளுக்குக் கையில் இருந்தது அது ஒன்றுதான்.

அப்பாவாக அப்படி நினைத்துக்கொண்டார் என்றுதான் நானும் நம்பினேன். பதினாறாம் நாள் காரியத்தன்று உரக்கடைக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கேக்கணும்னு நெனச்சேம்மா. பத்தரைக்கு எங்கடையிலருந்துதான ஒங்கப்பா ஒனக்குப் போன் போட்டாரு. பேசிட்டு சிரிச்சுக்கிட்டே வச்சாரு. நீ வர ஏம்மா அம்புட்டு நேரமாச்சு?"

பதினேழாம் நாள் நான் வேலைக்குப் போனேன். ஆயா வாசலிலேயே நின்றிருந்தாள். துக்கம் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "நீ போன மறுநா மாடி பூரா அழுகின முட்டை நாத்தம். அண்ணாச்சி ஆளையே காணோம். மொத பஸ்ஸுல தூத்துக்குடி போய்ட்டாக."

மேலே போனேன். ஆறடித் தொட்டி பளிச்சென்று இருந்தது. பூ விரிந்திருந்தது. கோமாளி மீன்கள் அதற்குள் புகுந்து வெளிவந்தன. மஞ்சள் வாலில் ஒரு ஓரம் கடிபட்டிருந்த பழைய மீனைத் தேடினேன். இல்லை. எந்த மீனும் பழைய மீன் இல்லை. பூவும் வேறு பூ. அண்ணாச்சி எனக்குப் பின்னால் வந்து நின்றார்.

"புது மணலு வரலியா?" என்று கேட்டேன்.

"வரல. அடி வெறுமனே கெடந்தா டாக்டருக்குப் பிடிக்காதுல்லா. பழசத்தான் கழுவிப் போட்டேன்." கொஞ்சம் நிறுத்தினார். "அன்னைக்கு எனக்கு மனசு சரியில்ல."

"பத்தரைக்கு வந்த போன் யாரு?"

அவர் தொட்டியின் விளிம்பைத் துணியால் துடைத்தார். ஏற்கனவே துடைத்த இடத்தையே துடைத்தார்.

"அப்பாதான்."

"என்ன சொன்னாரு?"

"நெஞ்ச அடைக்குது, மகளச் செத்த வரச்சொல்லுங்கன்னாரு. சொல்லத்தான் தாயி மேல ஏறுனேன். நீ குனிஞ்சு எண்ணிக்கிட்டு இருந்த. மொகத்தப் பாத்ததும் எனக்கு வாய் வரல. டீ குடிக்கட்டும், பொறவு சொல்லுவோம்னு நெனச்சேன். பொறவும் வரல."

"அப்பாட்ட என்ன சொன்னீக?"

"கெளம்பிட்டான்னு சொன்னேன். பஸ் ஏறப் போய்ட்டா, இப்ப வந்துருவான்னு சொன்னேன். அப்படியா, சரி சரின்னாரு. சந்தோசமாத்தான் வச்சாரு தாயி. அந்த மட்டுக்கும் அவரு நிம்மதியா இருந்திருப்பாரு."

அவர் அதை ஆறுதலாகச் சொன்னார். எனக்கு ஒரு நல்லது செய்துவிட்டதாக நினைத்துச் சொன்னார். நான் அவர் முகத்தைப் பார்த்தபடியே சொன்னேன்.

"பதினோரு மணிக்கு வேன் வந்துச்சு. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டாக. மக வந்துக்கிட்டிருக்கான்னு சொல்லி ஏறல. பன்னெண்டரை வரைக்கும் ரோட்டப் பாத்து உக்காந்திருந்தாரு."

அவர் உட்காரவில்லை, சுவரைப் பிடிக்கவில்லை. கையிலிருந்த துணியை நாலாக மடித்தார், எட்டாக மடித்தார். "ஏறலியா" என்று மட்டும் கேட்டார். "ஏறல" என்றேன். கீழே ஜன்னலில் யாரோ மருந்துக்குக் கூப்பிட்டார்கள். இறங்கிப் போனார்.

மறுநாள் காலை டாக்டர் வந்து உட்கார்ந்ததும் அண்ணாச்சி அவர் அறைக்குள் போனார். நானும் உள்ளே இருந்தேன். பழைய மீன் எல்லாம் செத்துவிட்டது, மேலே இருப்பது புது மீன் என்றார். புதுத் தொட்டியை இரண்டு நாள்கூட ஓடவிடவில்லை என்றார். அதற்கு முந்தைய வருஷங்களில் என்னென்ன செத்தது என்று வரிசையாகச் சொன்னார். டாக்டர் முதலில் சிரித்தார். பிறகு எரிச்சலாகிவிட்டார்.

"இருக்கட்டும்யா. நானா கேட்டேன்?"

அதோடு அவர் நிற்கவில்லை. அன்றிலிருந்து எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கினார். ஜன்னலில் நின்ற ஒரு தாயிடம், "பிள்ளைக்கு மூச்சு சரியில்ல, டாக்டர் ஒங்கட்ட மெதுவாச் சொல்லுவாக, நான் இப்பவே சொல்லுதேன்" என்றார். அவள் பிள்ளையை இறுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆயாவிடம் அவள் மகன் சாராயக் கடையில் கிடந்ததைச் சொன்னார், நாலு பேர் இருக்கும்போதே. டீ சொல்வது நின்றது. குரல் அதே மெதுவான குரல். முகத்தில் மட்டும் ஒன்றுமே இருக்காது. ஜன்னலில் மருந்து வாங்க வருகிறவர்கள் சீட்டை வைத்துவிட்டுத் தள்ளிப்போய் நின்றார்கள். அவர் வாய் திறப்பதற்குள் மருந்தை வாங்கிக்கொண்டு போய்விடப் பார்த்தார்கள்.

அவர் மனைவி ஒரு நாள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து என்னைப் பார்க்க வந்தாள். "என்ன சொன்ன நீ அவியட்ட?" என்று கேட்டாள். "சோத்துல கைய வச்சதும், யாருக்கு என்ன வியாதி, யாரு எப்பப் போவான்னு சொல்லுதாக. எனக்கு எங்க அண்ணன் கடேசியா என்ன பாடு பட்டான்னு இப்பச் சொல்லுதாக. நான் கேக்கவே இல்ல." நடந்ததை அவளிடம் சொன்னேன். கேட்டுவிட்டு எழுந்து போனாள். அதற்குப் பிறகு என்னிடம் பேசியதில்லை.

பங்குனி மாதத்தில் டாக்டர் அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். புதிதாக வந்த கம்பவுண்டருக்குத் தொட்டியைப் பார்த்துக்கொள்ளத் தெரியவில்லை. கோடை வருவதற்குள் அதைக் காலி செய்து மாடியில் கவிழ்த்து வைத்தார்கள்.

அப்பாவின் வருஷத் திதி முடிந்து ஒரு வாரம் இருக்கும். டியூட்டி முடிந்து சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். அம்மா அடுப்படியில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். முன்னால் அரிசி களைந்த பாத்திரம் அப்படியே இருந்தது.

"ஒங்க கம்பவுண்டர் வந்துட்டுப் போனாரு" என்றாள்.

நான் பையைக் கீழே வைத்தேன்.

"வாசல்லயே நின்னாரு. உள்ள வாங்கன்னா வரல. தண்ணி குடுத்தேன், வாங்கல. நான்தான் சொன்னேன், மக பஸ் ஏறிட்டான்னு பொய் சொன்னேன், அத நம்பித்தான் அவரு வண்டில ஏறலன்னு சொன்னாரு. சொல்லிட்டுத் திரும்பிப் பாக்காமப் போய்ட்டாரு."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஒனக்குத் தெரியும்னும் சொன்னாரு."

"தெரியும்மா."

"எப்பருந்து?"

"பதினேழாம் நாள்லருந்து."

அம்மா பாத்திரத்துக்குள் கையைவிட்டு அரிசியை அளைந்துகொண்டிருந்தாள். தண்ணீர் வெள்ளையாகக் கலங்கிக் கலங்கித் தெளிந்தது.

"ஒங்கப்பாவுக்கு ஆஸ்பத்திரின்னாலே பயம்டி. அந்த மனுசன் அப்படிச் சொல்லாட்டியும் வண்டில ஏறியிருக்க மாட்டாக. எனக்குத் தெரியாதா அவியளப் பத்தி?"

அப்பா ஆஸ்பத்திரிக்குப் பயந்தவர் இல்லை. குடலிறக்கத்துக்குத் தனியாகவே பஸ் ஏறிப் போய்ப் படுத்துக்கொண்டவர். ஆபரேஷன் முடிந்து நாங்கள் போய்ப் பார்த்தபோது, டாக்டர் போட்ட தையல் நேராக இல்லை என்று சொல்லிச் சிரித்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அழுதது அம்மாதான்.

"ஆமாம்மா" என்றேன்.